இறங்காத சோறு

என் தங்கைக்குச் சோறு போட்டுவிட்டு நான் பக்கத்தில் நிற்கமாட்டேன். தட்டை வைப்பேன், தண்ணீர் வைப்பேன், அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. இன்னமும் ஓர் ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் அவள் தொண்டையில் ஒரு பருக்கை இறங்காது. வீட்டுக்கு வருகிறவர்கள், "ஒங்க தங்கச்சிக்கு ரொம்பக் கூச்சமோ?" என்று கேட்பார்கள். ஆமாம், கூச்சம்தான் என்று சொல்லி அவர்கள் பக்கம் பிஸ்கட்டை நகர்த்துவேன். வந்தவர் போனவருக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? இன்றைக்கு என்னவோ சொல்லத் தோன்றியிருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

அவள் உயரம் நாலடிக்குக் கொஞ்சம் மேலே. அப்பா ஆறடி ஆள். அம்மாவும் குட்டையில்லை. நான் பஸ்ஸில் மேல்கம்பியைச் சும்மா எட்டிப் பிடிக்கிறவள். இவள் மட்டும் ஏன் இப்படி என்று சொந்தக்காரர்கள் கூடிக்கூடிப் பேசுவார்கள். விதி என்பார்கள், பிறவிக்கோளாறு என்பார்கள். ஒரு மண்ணும் கிடையாது. பிறந்தபோது அவள் கொழுகொழுவென்று இருந்தாள். இடுப்பில் தூக்கிவைத்தால் எனக்கு எலும்பு வலிக்கும். சுமந்தவள் நான், எனக்குத் தெரியாதா?

அப்போது நாங்கள் மலாக்காவில், காஜா பேராங்கில், கம்போங் செட்டி என்கிற குடியிருப்பை ஒட்டினாற்போல் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வெள்ளைக்காரன் போகப்போகிறான், சுதந்திரம் வரப்போகிறது என்று காப்பிக்கடை முழுக்க அதே பேச்சு. அப்பாவுக்குத் தெருவில் தண்ணீர்க்குழாய் பதிக்கிற வேலை. குடிக்கமாட்டார், சீட்டைத் தொடமாட்டார். யார் வீட்டுக் குழாய் உடைந்தாலும் ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் ஓடுவார். கோயிலில் அன்னதானம் என்றால் சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக நிற்பார். "போதும்னு சொல்லாதீங்க, இன்னும் ஒரு கரண்டி வாங்கிக்குங்க" என்று ஒவ்வோர் இலையாகக் குனிந்து கெஞ்சுவார். காஜா பேராங்கில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதில் பொய்யில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அவருக்கு மீசை முளைக்காத வயதில் ஜப்பான்காரன் அவரையும் அவர் தம்பியையும் ரப்பர் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றி, சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனான். போனவர்கள் இரண்டு பேர், திரும்பியவர் ஒருவர். அதைப்பற்றி அவர் பேசவே மாட்டார். ஒரே ஒரு தடவை, நான் சோற்றைச் சிந்திய அன்று, வாய் திறந்தார். "என் தம்பி கடைசியா கேட்டது ஒரு கை சோறு. என் கையில இல்ல" என்றார். அதைச் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை, தரையில் கிடந்த பருக்கைகளைப் பார்த்தார். பிறகு அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார். எனக்கு அப்போது ஆறு வயது. அன்று வாங்கிய அடியைவிட அதைப் பார்த்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு சட்டம்: தட்டில் விழுந்த சோறு வீணாகக்கூடாது. சாயங்காலம் வேலை விட்டு வந்து, குளித்து, திருநீறு பூசிக்கொண்டு அப்பா எங்கள் எதிரே சம்மணம் போட்டு உட்காருவார். எனாமல் தட்டில் அவரே சோறு போடுவார். பிள்ளைக்குப் பத்தாமல் போய்விடுமோ என்று அவருக்குப் பயம், அதனால் குவித்துப் போடுவார். பக்கத்தில் பிரம்பு இருக்கும். மலாய்க்காரர்கள் மாதிரி நாங்களும் அதை ரோத்தான் என்போம். அவர் கத்தமாட்டார். "முழுங்கு" என்பார். தணிந்த குரல்தான். கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு தடவை "முழுங்கு" என்பார். மூன்றாவது தடவை கிடையாது, ரோத்தான்தான். தொடையில், முதுகில், எங்கே படுகிறதோ அங்கே. அடித்து முடித்ததும் தட்டை மறுபடியும் பிள்ளைக்கு முன்னால் நகர்த்தி வைப்பார்.

நான் பிழைத்துக்கொண்டேன். அள்ளி வாயில் போட்டு மெல்லாமலே விழுங்கக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் ரசத்துக்கு வருவதற்குள் நான் கை கழுவிவிடுவேன். வயிற்றுப்புண்ணுக்கு மாத்திரை போடாமல் ஒரு நாள் ஓடாது. பிழைத்துக்கொண்டேன் என்பதெல்லாம் சும்மா ஒரு பேச்சுக்குத்தான். தங்கைக்கு அந்தச் சாமர்த்தியமும் இல்லை. அவள் மெதுவாகச் சாப்பிடுகிற பிள்ளை. பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்து, தனக்குள் ஏதோ பாடிக்கொண்டு சாப்பிடுவாள். முதலில் பாட்டு நின்றது. அடுத்தாற்போல் சோற்றைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். பிறகு வாந்தி. அந்த வாந்தியை அப்பா அவளை என்ன செய்யவைத்தார் என்று எழுதக் கை வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்பீர்கள். குழம்புச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். கிளற உள்ளே ஒன்றும் இருக்காது, ஆனாலும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளறுவாள். ஒரு தடவை குறுக்கே விழுந்து பார்த்தாள். அவளுக்கும் விழுந்தது, பிறகு பிள்ளைக்குக் கூடுதலாக விழுந்தது. அதோடு அந்த வழியை விட்டுவிட்டாள். எனக்கு அவள் மீது எத்தனையோ வருடம் கோபம் இருந்தது. இப்போது பாதி ஆறிவிட்டது, பாதி இருக்கிறது.

அவள் வேறு வழி பார்த்தாள். பிள்ளைக்குத் தொக்கம் விழுந்திருக்கிறது என்று நம்பினாள். தின்றது கீழே இறங்காமல் உள்ளே எங்கோ அடைத்து நின்றுவிட்டால் அதற்குத் தொக்கம் என்று பெயர். அதை எடுக்கத் தெரிந்த அம்மா ஒருவர் செமாபோக்கில் இருந்தார். செவ்வாய்க்கிழமை தவறாமல் தங்கையைத் தூக்கிக்கொண்டு போவோம். அந்த அம்மா பிள்ளையை மடியில் போட்டு, தொண்டையில் எண்ணெய் தடவி நீவி, முதுகில் தட்டி, வாய்க்குள் விரல்விட்டு ஓர் உருண்டைச் சோற்றை வெளியே எடுப்பார். "பாத்தியா தாயி, எத்தன நாளுச் சோறு!" என்று உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். அம்மா கையெடுத்துக் கும்பிடுவாள்.

அது அன்று காலையில் போட்ட சோறு. காஜா பேராங்கிலிருந்து செமாபோக் வரைக்கும் அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என் தங்கை. எனக்குத் தெரியும். நான் மூச்சு விடவில்லை. ஏனென்றால் தொக்கத்தை அப்பாவும் பாதி நம்பினார். பிள்ளைக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று அந்த வாரம் ரோத்தான் கொஞ்சம் மெதுவாக விழும், சில நாள் விழாமலும் போகும். அவளுக்கு இருந்த ஒரே மறைவு அந்தத் தொக்கம்தான்.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். பக்கத்தில் இருந்தவர்கள் செட்டிகள். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கப்பலேறி வந்து மலாக்காவிலேயே நிலைத்துவிட்டவர்கள். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். சாமி பெயரைத் தமிழில் சொல்வார்கள், மற்றதெல்லாம் மலாய்தான். அந்த வீட்டு அம்மாவைச் செட்டியம்மா என்று கூப்பிடுவோம். எங்களைப் பார்த்தால் இழுத்து உட்காரவைத்துத் தலை வாரிவிடுவார்.

பொங்கலுக்கு முதல் நாள், போகியன்று, செட்டிகள் செத்துப்போன பெரியவர்களுக்குப் படையல் போடுவார்கள். பார்ச்சு என்பார்கள் அதை. நடு அறையில் வாழையிலைகளை வரிசையாக விரித்து, சோறு, கோழிக்கறி, மீன், பலகாரம், பழம் என்று அந்தப் பெரியவர்களுக்கு உயிரோடிருந்தபோது எது எது பிடிக்குமோ அத்தனையும் வைத்து, சாம்பிராணி காட்டிக் கும்பிடுவார்கள். அப்புறம் வீட்டார் எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே பெரியவர்கள் வந்து சாப்பிடுகிற நேரம் அது. யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது, கூச்சல் போடக்கூடாது. முற்றத்தில் நின்று காத்திருப்பார்கள்.

அந்த வருடம் எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஐந்து. நாங்களும் அவர்கள் முற்றத்தில்தான் இருந்தோம். திடீரென்று பார்க்கிறேன், தங்கையைக் காணோம். கிணற்றடியில் இல்லை, கோழிக்கூண்டுப் பக்கம் இல்லை. எனக்குச் சந்தேகம் வந்து பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன்.

நாலாவது இலைக்கு முன்னால் என் தங்கை உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஐயோ, என்ன சாப்பாடு சாப்பிட்டாள்! கறியைச் சோற்றில் பிசைந்து, வாயில் வைத்து, நிதானமாக மென்று விழுங்கினாள். தொண்டை ஏறி இறங்குவதை நான் கண்ணாரப் பார்த்தேன். மறுபடியும் கை நிறைய எடுத்தாள். அவளைப் பார்க்க எதிரே ஒருவரும் இல்லை. இலைகளும் புகையும்தான். தலையை ஆட்டி ஆட்டி முணுமுணுவென்று ஏதோ பாடவும் செய்தாள்.

எனக்குப் பின்னால் செட்டியம்மா வந்து நின்றது தெரியவில்லை. அவரும் குனிந்து இடுக்கில் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அவருடைய மாமனார் மாமியாருக்குப் போட்ட இலை. அவர்கள் தொடுமுன் இன்னொரு வீட்டுப் பிள்ளை எச்சில் பண்ணிவிட்டது. இதைவிடப் பெரிய பிசகு அந்த வீட்டில் நடக்க முடியாது. அவருடைய மகன் பதறிக்கொண்டு கதவுப் பக்கம் போனான். செட்டியம்மா கையை நீட்டி அவனைத் தடுத்தார். "பியார்லா" என்றார். விடு, இருக்கட்டும் என்று அர்த்தம். பலகைச் சுவர் வழியே எங்கள் வீட்டு ரோத்தான் சத்தத்தை எத்தனை மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் அவர்! எங்கள் பெரியவர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள், பசித்த பிள்ளையைப் பார்த்தால் அவர்களே தள்ளி உட்கார்ந்து இடம் கொடுப்பார்கள் என்று மலாயில் என் காதோடு சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. வேறு இலை நறுக்கப் போனார்.

நான் செய்த காரியத்துக்கு இப்போது வருகிறேன். என் வாயைத் தைத்திருக்கவேண்டும். நான் நேராக வீட்டுக்கு ஓடினேன். அன்று அப்பா மத்தியானமே வந்துவிட்டார், வாசலில் பொங்கல் கரும்பைக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அப்பா இருப்பதாவது இல்லாததாவது! "அம்மா! பாப்பா சாப்பிட்டாம்மா! எல நெறைய சாப்பிட்டா! நல்லா முழுங்குறாம்மா, தொக்கமெல்லாம் ஒண்ணுமே இல்ல!" என்று தெரு கேட்கக் கத்தினேன்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் வாயை அல்ல, அவள் வாயை. அப்பா கரும்பைக் கீழே வைத்தார்.

"எங்க சாப்பிட்டா?" என்று கேட்டார்.

அதையும் சொன்னேன். பார்ச்சு இலை என்று சொன்னேன். தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிள்ளைக்குச் சோறு இறங்கிவிட்டது, அப்பா சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் போய்த் தங்கையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். தரதரவென்று இழுக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டு வந்தார். அவள் வாயோரம் குழம்பு ஒட்டியிருந்தது. தட்டை வைத்தார், சோற்றைப் போட்டார், எதிரே உட்கார்ந்தார். "தொக்கம் இல்லியாம்ல" என்றார். "செத்தவன் எலையில போட்டா எறங்குது. பெத்தவன் போட்டா எறங்கல. அப்ப இது திமிரு."

அவ்வளவு நாளும் அவர் மனசில் ஒரு சந்தேகம் இருந்தது, பிள்ளைக்கு உடம்பில் ஏதோ இருக்கிறது என்று. அதை நான் போய் எடுத்துவிட்டேன். அவருக்குப் புரிந்தது இதுதான்: ஒரு கை சோறு கேட்டுச் செத்தான் தம்பி, இவள் வேண்டுமென்றே சோற்றைத் துப்புகிறாள். அன்றைக்கு நடந்ததை முழுசாகச் சொல்லமாட்டேன். செட்டியம்மா பலகைச் சுவரைப் படபடவென்று தட்டி மலாயில் அழுதார். அப்பா எழுந்துபோய் அவரிடம் மரியாதையாக, இது எங்கள் வீட்டு விஷயம், நீங்கள் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்து கதவைச் சாத்தினார். நான் மூலையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் பொங்கல். பால் பொங்கியது, எல்லாரும் பொங்கலோ பொங்கல் என்றார்கள்.

அதற்குப் பிறகு செமாபோக்குக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு அவள் வளரவும் இல்லை. அந்தப் பொங்கலுக்கு எடுத்த கவுனை அடுத்த பொங்கலுக்கும் போட்டாள், அதற்கடுத்த பொங்கலுக்கும் போட்டாள். பாயை நனைக்க ஆரம்பித்தாள். கரண்டி கீழே விழுந்தால் போதும், ஓடமாட்டாள், அழமாட்டாள், நின்ற இடத்தில் அப்படியே விறைத்துப்போய் நிற்பாள். கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் கேட்காது. பக்கத்தில் படுத்திருக்கிற நான் எப்போது புரண்டு பார்த்தாலும் விழித்துக்கொண்டுதான் கிடப்பாள். ஐந்து வயதில் சாக்கடைப் பலகைமேல் குதித்துக் குதித்து ஐம்பது வரைக்கும் எண்ணினவள், ஏழு வயதில் பத்தைத் தாண்டமாட்டாள். "இதுக்கு மண்டையில ஒண்ணும் ஏறாது" என்று வாத்தியார் அம்மாவிடம் சொல்லியனுப்பினார். அம்மா தலையாட்டிவிட்டு வந்தாள்.

சுதந்திரம் வந்த வருடம் பள்ளிக்கூடத்தில் கொடி பிடித்து நடக்கப் பழக்கினார்கள். வெயிலில் நின்ற தங்கை சுருண்டு விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு மாதம் அங்கே கிடந்தாள். கிடந்தாள் என்று சொல்வது தப்பு, அந்த இரண்டு மாதம்தான் அவள் இருந்தாள். வார்டில் வரிசையாகக் கட்டில்கள். ஆயா வந்து ஒவ்வொரு கட்டிலிலும் தட்டை வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார். நின்று பார்க்க யாருக்கு நேரம்? தங்கை சாப்பிட்டாள். கஞ்சி சாப்பிட்டாள், முட்டை சாப்பிட்டாள், பக்கத்துக் கட்டில் பிள்ளை மிச்சம் வைத்த ரொட்டியையும் சாப்பிட்டாள். கவுனில் பொத்தான் பூட்ட முடியவில்லை. ஒரு நாள் பார்க்கப் போனபோது கையை நீட்டினாள், நகம் வளர்ந்திருந்தது. வீட்டில் அவளுக்கு நகம் வெட்டி எத்தனை நாளாயிற்று என்று எனக்கு நினைவே வரவில்லை.

அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா இருந்தார். ஒரு நாள் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் இங்கிலீஷ் பள்ளியில் படித்தேன், அதனால் நான்தான் நடுவில் நின்று இவர் சொல்வதை அவளுக்கும் அவள் சொல்வதை இவருக்கும் சொன்னேன். டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "உன் தங்கைக்கு எந்த நோயும் இல்லை. இங்கே நன்றாகச் சாப்பிடுகிறாள். வீட்டில் ஏன் சாப்பிடுவதில்லை? அவளை யாராவது அடிக்கிறார்களா?"

"என்னாடி கேக்குறாங்க?" என்றாள் அம்மா.

நான் திரும்பிப் பார்த்தேன். வார்டு வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு. உள்ளே வரவில்லை. கட்டிலில் தங்கை சாப்பிட்டுக்கொண்டிருப்பதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூட இல்லை.

சொன்னால் போலீஸ் வரும், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விடும் என்று பயம். அது ஒன்று. இன்னொன்று, ஒரு தடவை உள்ளதைச் சொல்லி என்ன நடந்தது என்று நான் பார்த்துவிட்டேன். என் வாயிலிருந்து என்ன வந்தாலும் அது அவள் முதுகில்தான் விழும் என்று எனக்குள் இறங்கிப்போயிருந்தது. இதையெல்லாம்விட, அவர் அழுதார். அழுகிற அப்பாவைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. எனக்கு அவரைப் பிடிக்கும். வெட்கமாக இருக்கிறது சொல்ல, ஆனால் பிடிக்கும்.

"வீட்ல என்ன சாப்பாடு குடுக்குறீங்கன்னு கேக்குறாங்கம்மா" என்றேன் அம்மாவிடம். டாக்டரம்மாவிடம், "இல்லை டாக்டர், யாரும் அடிப்பதில்லை" என்றேன்.

"நிச்சயமாகவா?"

"எங்கள் அப்பா ரொம்ப நல்லவர்."

 டாக்டரம்மா பேனாவைத் திறந்து எழுதினார். சுதந்திரக் கொடியேற்றத்துக்கு முதல் நாள் தங்கையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அப்பா அவளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டினார். சுதந்திரம் வந்துவிட்டது, மெர்டேக்கா, மெர்டேக்கா என்று ஊரே கத்தியது, அவர் கையில் ஒரு காகிதக் கொடி. சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, தட்டில் சோற்றைக் குவித்து, அவள் எதிரே உட்கார்ந்தார். தீபாவளிக்குள் அந்தக் கவுன் பொத்தான்கள் பழையபடி சுலபமாகப் பூட்ட வந்தன.

நான் பிறகு நர்ஸாகி, ஊர் வழக்கில் மிஸியாகி, பிள்ளைகள் வார்டிலேயே காலத்தைத் தள்ளினேன். பயத்தில் வளருகிற பிள்ளையை எனக்கு இப்போது வாசலிலேயே அடையாளம் தெரியும். அந்தப் பிள்ளையின் உடம்பு எந்நேரமும் தப்பித்து ஓடுவதற்கே தயாராக நிற்கும். ஓடத் தயாராக நிற்கிற உடம்பு வயிற்றைக் கவனிக்காது, தின்றதைச் செரிக்காது. பிள்ளை தூங்கும்போதுதான் எலும்பு நீளும், இது தூங்கினால்தானே? மூளை, அடுத்த அடி எங்கிருந்து வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டே இருப்பதால் அதில் ஒன்று இரண்டு மூன்று ஏற இடம் இருக்காது. திமிரும் இல்லை, மண்டுவும் இல்லை. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல அன்று காஜா பேராங்கில் ஓர் ஆள் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்ட ஒரே ஓர் ஆளிடம் நான் பொய் சொன்னேன்.

ரோத்தானை அப்பா எப்போது விட்டார் என்று சரியாக நினைவில்லை. அவளுக்குப் பத்து வயது ஆனபோது நிறுத்தியிருந்தார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை. ஆனால் நிறுத்தியது அவள் உடம்புக்குத் தெரியவில்லை. நான் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வருடம் அவளைக் கூட்டிக்கொண்டு போய் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்கவைத்தேன். படம் எடுத்தவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது ஏழு வயசுப் புள்ள கைதானே மிஸி?" என்றார். அவளுக்கு அப்போது பதினாலு. நான் படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதே வருடம் அப்பா போனார். குழாய்க்குத் தோண்டின பள்ளத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. நாற்பதுகூட ஆகவில்லை அவருக்கு. வீடு கொள்ளாத கூட்டம். அவர் கையால் இலையில் சோறு வாங்கின அத்தனை பேரும் வந்திருந்தார்கள். "மகராசன், எத்தன பேரு வயித்த நெறச்சாரு!" என்று ஒப்பாரி வைத்தார்கள். நான் கல் மாதிரி நின்றேன். ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. வந்திருந்தால்தான் எனக்கு ஆத்திரம் வந்திருக்கும்.

எடுக்கிற நேரம் வந்தது. வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். அம்மா போட்டாள். நான் போட்டேன், அவர் முகத்தைப் பார்க்காமல் மூன்று தடவை போட்டுவிட்டு விலகினேன். "சின்னவள கூப்பிடுங்க" என்றார் யாரோ. அம்மா கையைப் பிசைந்தாள். "அவ வேணாம், பயந்துருவா" என்றாள். எனக்கும் அந்தப் பயம்தான். அத்தனை கண்ணும் அவள்மேல் இருந்தன, நடுவில் அப்பா, கையில் அரிசி. விறைத்துப்போய் விழுந்துவிடுவாள் என்று அவளைத் தாங்கிப் பிடிக்க நான் பின்னால் போய் நின்றேன்.

அவள் விழவில்லை. அவர் தலைமாட்டில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். தட்டிலிருந்து நாலைந்து அரிசியை மட்டும் விரல் நுனியில் எடுத்தாள். மற்றவர்கள் மாதிரி தூவிவிட்டு எழுந்திருக்கவில்லை. ஊட்டுகிற மாதிரி உதட்டோரம் வைத்தாள். ஓர் அரிசி மீசையில் ஒட்டிக்கொண்டது. அதை எடுத்து மறுபடியும் வாயில் வைத்தாள். பிறகு அவர் காதுப் பக்கம் குனிந்து சொன்னாள். பின்னால் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது.

"மெல்ல சாப்பிடுங்கப்பா. எறங்கலன்னா விட்டுருங்க. யாரும் அடிக்கமாட்டாங்க."

நான் அந்த இடத்திலேயே தரையில் விழுந்து கதறினேன். நாலு பெண்கள் ஓடிவந்து என்னைப் பிடித்துத் தூக்கினார்கள், தண்ணீர் தெளித்தார்கள். "அப்பான்னா உசுரு இந்தப் பொண்ணுக்கு, பாவம்" என்று அவர்களில் ஒருத்தி சொன்னாள்.